காற்று என்று எழுதினேன்

2020 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி வாக்கில் தோப்பும்படிப் பாலத்தருகே கடற்படையின் மோட்டார் கிளைடர் ஒன்று விழுந்துவிட்டது. வில்லிங்டன் தீவில் இருக்கும் ஐ.என்.எஸ். கருடா தளத்திலிருந்து வழக்கமான பயிற்சிப் பறப்புக்குக் கிளம்பியது அது. உள்ளே இருந்த கடற்படையினர் இருவரும் இறந்துபோனார்கள். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவிலிருந்து அந்தப் பாலம் சைக்கிள் மிதித்துப் போகிற தூரம்தான். கொரோனாக் காலம். டீக்கடையில் ஆளுக்கொரு முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி நின்றுகொண்டிருந்தோம்.

கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார். "சேட்டன் பண்டு விமானம் ஓடிக்கான் படிச்சதல்லே? எந்தாயிருக்கும் காரணம்?"

"காற்றாயிருக்கும்" என்றேன்.

சொன்ன பிறகு டீ தொண்டைக்குள் இறங்கவில்லை. அந்த விபத்தைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. உயிரைக் கொடுத்த இரண்டு பேரைப் பற்றி வாயைத் திறக்க எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஆனாலும் கேட்ட மாத்திரத்தில் அந்தச் சொல் வந்து விழுந்தது. 22 வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். அது வேறொரு விமானத்துக்காக, வேறொரு காலையில் நான் சொன்ன பொய்.

இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு விமானம் ஒன்றும் தூரத்துச் சங்கதி இல்லை. துறைமுகம் ஆழப்படுத்தியபோது வாரிய மண்ணைக் கொட்டி ராபர்ட் பிரிஸ்டோ காலத்தில் உண்டாக்கிய தீவு வில்லிங்டன். அதில்தான் 1953 மே மாதம் கருடா தளம் வந்தது. 1999 ஜூனில் நெடும்பாசேரிப் புது விமான நிலையத்துக்கு விமானங்கள் போகும் வரை கொச்சியின் பயணிகள் விமானங்களும் அந்தத் தளத்தில்தான் இறங்கின. பள்ளிக்கூடம் விட்டதும் பழைய ஹார்பர் பாலத்துக் கைப்பிடியில் தொற்றிக்கொண்டு நிற்போம். காயலுக்கு மேல் தாழ்ந்து வருகிற ஒவ்வொன்றும் தண்ணீரில் விழுந்துவிடப்போகிறது என்றுதான் தோன்றும். கடைசி நொடியில் அதன் கீழே தரை வந்துவிடும். அந்தக் கடைசி நொடிக்காகத்தான் தினமும் போனேன்.

அப்பா பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளை. எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே மூட்டை தூக்க வந்தவர். அப்பாவும் கணக்கு எழுத உட்காருவதற்கு முன்னால் பத்து வருஷம் களத்தில் நின்றவர். கணக்குப்பிள்ளையான பிறகும் புதுச்சரக்கு வந்தால் அவரே இறங்கித் தூற்றிப் பார்ப்பார். முறத்தில் அள்ளி, தலைக்கு மேல் தூக்கி, மெல்லச் சரிப்பார். கனத்த மணி நேரே காலடியில் விழும். பொக்கும் காம்பும் தள்ளிப்போய் விழும். தூற்றுவதற்கு முன்னால் தோள் துண்டின் ஒரு மூலையை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிடுவார். ஐந்தாறு நொடிதான். எந்தப் பக்கத்துக் காற்று, எவ்வளவு காற்று, நின்றுவிடுமா நிலைக்குமா என்று அந்தத் துணி நுனியில் பார்த்துவிடுவார்.

ஜூ டவுனில் இருந்த மிளகு வாணிபச் சங்கத்தில் விலை கூவுகிற நாட்களில் என்னையும் கூட்டிப்போவார். ஒரே கூச்சல். விலை ஏற ஏற விடாமல் துரத்துகிறவர்களைக் காட்டி என் காதில் சொல்வார்: "பின்னாலயே ஓடக்கூடாதுடா. விட்டுப் பிடிக்கணும்."

1998இல் எனக்கு 21 வயது. ஊரில் இருந்த துண்டு நிலமும் அம்மாவின் நகையும் போய், தமிழ்நாட்டில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருந்தேன். செஸ்னா 152. இரண்டே பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரும் சின்ன விமானம். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. சின்ன விமானம் என்பதால் லேசாக நினைத்துவிடக் கூடாது. எடை குறைந்தது என்பதாலேயே காற்றும் கையும் செய்கிற ஒவ்வொரு பிழையும் அதில் உடனே தெரியும்.

பறப்பதைவிட இறங்குவதற்குத்தான் அதிக நாள் ஆகும். வேகம் குறையக் குறைய இறக்கை விமானத்தைத் தாங்கும் சக்தியை இழந்துகொண்டே வரும். அந்தச் சக்தி தீர்ந்துபோவதைத்தான் ஸ்டால் என்பார்கள். அது 500 அடி உயரத்தில் தீர்ந்தால் சாவு. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தீர்ந்தால் நல்ல இறக்கம். அதற்காக ஓடுபாதையை நெருங்கியதும் மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, விமானத்தைப் பறக்கவும் விடாமல் விழவும் விடாமல் வைத்திருக்க வேண்டும். ஃப்ளேர் என்று பெயர். கண்ணை எங்கே வைப்பது என்பதிலேயே பாதி வித்தை இருக்கிறது. மூக்குக்கு நேர் கீழே பார்த்தால் தரை சட்டென்று ஏறி வருகிற மாதிரி தோன்றி, உயரத்திலேயே மூக்கைத் தூக்கிவிடுவோம். ஓடுபாதையின் மறுகோடியைப் பார்க்க வேண்டும்.

எங்கள் பயிற்றுநர் குரல் உயர்த்தாத மனிதர். அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒன்று இன்றும் எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "இறக்கம் கெட்டுப்போறது ஓடுபாதையில இல்ல. டவுன்விண்ட்லயே கெட்டுடும். ஓடுபாதையில வெளிய தெரியும், அவ்வளவுதான்." ஓடுபாதைக்கு இணையாக, எதிர்த்திசையில் பறக்கும் பகுதி டவுன்விண்ட். அங்கிருந்து ஒரு திருப்பம், பேஸ். இன்னொரு திருப்பம், ஃபைனல். அந்த இரண்டாவது திருப்பத்தில்தான் உலகம் முழுக்கச் சின்ன விமானக்காரர்கள் நிறையப் பேர் செத்திருக்கிறார்கள். ஓடுபாதைக் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்ற பதற்றத்தில் வளைவை இறுக்குவார்கள். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்துத் திருப்பினால் இறக்கை தாங்க வேண்டிய பாரம் இரண்டு மடங்காகும். ஸ்டால் ஆகும் வேகம் 40 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். மீள்வதற்குக் கீழே இடம் இருக்காது. இதையெல்லாம் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டுக் கடைசியில் ஒன்று சொல்வார்: சரியில்லை என்று தோன்றினால் த்ராட்டிலை முழுக்கத் தள்ளு, மேலே போ, சுற்றி வா. கோ அரவுண்ட். யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். முதல் தடவை கேட்டபோதே, இது அப்பாவின் விட்டுப் பிடி அல்லவா என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் அப்பா ராத்திரி ரயிலேறிப் பார்க்க வந்தார். மகன் தனியாகப் பறப்பதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அம்மாதான் அனுப்பியிருந்தாள். கையில் மஞ்சள் பை, அதில் அம்மா செய்த முறுக்கு. ஹேங்கருக்கு வெளியே, வெட்டவெளியில், வெள்ளை வேட்டியோடு நின்றார். பயிற்றுநர் என்னோடு இரண்டு சுற்று வந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, நீ மூணு சுற்று தனியாப் போ" என்று இறங்கிக்கொண்டார். வேறொரு மாணவனுக்குப் பாடம் சொல்ல உள்ளே போய்விட்டார்.

டவுன்விண்டில் நான் இடது பக்கம் குனிந்து அப்பாவைத் தேடினேன். வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தார். கை ஆட்டுகிறாரா என்று பார்த்தேன். அந்தப் பத்துப் பன்னிரண்டு நொடியில் இன்ஜின் வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் கடந்துபோயிற்று. பேஸில் திரும்பும்போது உயரம் அதிகம். ஃபைனலில் திரும்பியபோது ஓடுபாதை என் கண்ணுக்குக் கீழே செங்குத்தாகத் தெரிந்தது. உயரத்தைக் கரைக்க மூக்கைத் தாழ்த்தினேன். வேகம் ஏறியது. 60 நாட் இருக்க வேண்டிய முள் 75இல் நின்றது. வேகம் கால்பங்கு கூடினால் நிற்பதற்கு வேண்டிய தூரம் ஒன்றரை மடங்கைத் தாண்டும். இதுவும் கரும்பலகையில் இருந்த கணக்குதான்.

வலது கை த்ராட்டிலின் மேல்தான் இருந்தது. தள்ளியிருக்கலாம்.

தரைக்குப் பக்கத்தில் வந்தால் இறக்கையைப் பின்னால் இழுக்கும் விசை குறைந்துவிடும். வேகமாக வந்த விமானம் இறங்கவே இறங்காது, மிதந்துகொண்டே போகும். ஓடுபாதை என் கீழே ஓடிக்கொண்டிருந்தது. ஹேங்கர் கடந்தது. வெள்ளை வேட்டி கடந்தது. பாதி ஓடுபாதை போய்விட்டது. இனிமேலும் மிதந்தால் மறுகோடி வந்துவிடும் என்று பயந்து, செய்யவே கூடாத காரியத்தைச் செய்தேன். பறக்கத் தெம்புள்ள விமானத்தை ஸ்டீயரிங்கை முன்னால் தள்ளித் தரையில் அமுக்கினேன். முன்சக்கரம் முதலில் பட்டது. மூக்கு எகிறியது. பயத்தில் மறுபடி தள்ளினேன். இரண்டாவது முறை இன்னும் பலமாக. மூன்றாவது முறை முன்சக்கரத்தின் கால் மடிந்து, ப்ரொப்பெல்லர் தாரைக் கொத்திக்கொண்டே போய் நின்றது. அப்புறம் பெட்ரோல் வாடை. சுவிட்சுகளை அணைத்துவிட்டு இறங்கினேன். ஒரு கீறல் இல்லை.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். என் தோளையும் கையையும் தடவிப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, "காத்தாடா?" என்று கேட்டார்.

"ஆமாம்பா. திடீர்னு அடிச்சிருச்சு."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் கழித்து அலுவலக அறையில் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து நடந்ததை எழுதச் சொன்னபோது, அந்தச் சொல் கைக்குத் தயாராக வந்தது. தரைக்கு அருகில் பக்கவாட்டில் திடீர்க் காற்று அடித்தது, விமானம் எகிறியது, உடனே த்ராட்டிலை முழுக்கத் திறந்து மேலே போக முயன்றேன், அதற்குள் மறுபடி விழுந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதே நிமிஷத்தில் என் லாக் புக்கிலும் குறிப்புப் பத்தியில் இரண்டு வார்த்தை எழுதினேன்: திடீர்க் காற்று.

மறுநாள் காலையில் மெக்கானிக் அண்ணன் என்னை ஓடுபாதைக்குக் கூட்டிப்போனார். பெங்களூரில் செய்த புஷ்பக் விமானங்கள் பறந்த காலத்திலிருந்து அந்தத் தொழிலில் இருந்தவர். புஷ்பக்குக்கு மூன்றாவது சக்கரம் வாலில் இருக்கும். இறங்கி ஓடும்போது அசந்தால் வால் முன்னால் வந்து வட்டமடித்துவிடும். அப்படி எத்தனையோ இறக்கையை ஒட்டுப்போட்ட கை அவருடையது. விமானத்தைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

பாதி ஓடுபாதையைத் தாண்டிய ஓரிடத்தில் நின்றார். ஒற்றைக் கறுப்புக் கோடு, நடுவில். "இது முன்சக்கரம். முதல்ல பட்டது இதுதான். பின்சக்கரத் தடம் இதுக்கு அப்புறம்தான் இருக்கு, பாருங்க." கொஞ்ச தூரம் ஒன்றும் இல்லை. மறுபடி ஒரு கோடு, முன்னதைவிடத் தடிமன். மறுபடி வெறும் தரை. அப்புறம் வெட்டுக் காயங்கள். தாரில் குறுக்காக, அரிவாளால் கொத்தியது போல, ஒன்றரை முழத்துக்கு ஒன்றாக வரிசையாகப் போயின. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு வெட்டில் கட்டைவிரலையும், எட்டி அடுத்த வெட்டில் இன்னொரு கையையும் வைத்தார்.

"ப்ரொப்பெல்லர் எவ்வளவு வேகமாச் சுத்துச்சுன்னு இந்த இடைவெளி சொல்லும் தம்பி. த்ராட்டில் முழுக்கத் திறந்திருந்தா வெட்டு ரொம்ப நெருக்கமா விழுந்திருக்கும். இது மூடின த்ராட்டில்."

நான் ஒன்றும் பேசவில்லை. தடங்கள் மூன்றும் நடுக்கோட்டை விட்டு ஒரு சாண்கூட விலகாமல் நேராக இருந்ததையும் அப்போது பார்த்தேன். பக்கவாட்டுக் காற்று அடித்த விமானம் அப்படி நேராகப் போகாது.

அவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். "நீங்களே மாத்தி எழுதிக் கொடுத்துடுங்க. நான் சொன்னா அது புகார் ஆயிடும். நீங்க சொன்னா அது பாடம்."

நான் சரி என்று தலையாட்டினேன். அன்று எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை. நான்காம் நாள் பயிற்றுநரை மேலிடத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் எல்லாமே என் பொய்யின் மேல் எழுப்பியவை. அப்படிப்பட்ட காற்றில் 19 மணி நேரமே பறந்த பையனை எப்படித் தனியாக அனுப்பினாய்? காற்று எழும்பியபோது நீ எங்கே இருந்தாய்? ஏன் ரேடியோவில் கூப்பிட்டுத் தடுக்கவில்லை? அவரால் மறுக்க முடியவில்லை. அவர் உள்ளேதான் இருந்தார். நான் எழுதியதை அவரும் நம்பினார். என்னைத் தாழ்வாரத்தில் பார்த்தபோது, "நான் வெளிய நின்னிருக்கணும்ப்பா" என்றார். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

ப்ரொப்பெல்லர் தரையில் பட்டு இன்ஜின் திடீரென்று நின்றுவிட்டால் அதை முழுக்கப் பிரித்துப் பார்க்காமல் பறக்கக் கூடாது. முன்காலைத் தாங்கும் தடுப்புத் தகடும் கசங்கியிருந்தது. மாதக்கணக்கில் விமானம் கொட்டகையில் கிடந்தது. இருந்ததே சில விமானங்கள்தான். கூடப் படித்தவர்கள் கடன் வாங்கிய பணத்துக்கு வட்டி ஏற, பறக்க முறை வராமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். என் காசும் தீர்ந்தது. உண்மையைச் சொல்வதென்றால் காசு தீர்வதற்கு முன்பே தைரியம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு விமானத்தில் ஏறும் ஒவ்வொரு தடவையும் அந்த வெட்டுகளைத் தாண்டித்தான் ஓடுபாதையில் போக வேண்டியிருந்தது. வருஷக் கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்து, அப்பா இருந்த கிட்டங்கியிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். "காத்து சதி பண்ணிடுச்சு, பையன் பிழைச்சது பெரிசு" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கிளைடர் விழுந்த அந்த 2020இல், இரண்டு மாதம் முன்னால், ஆகஸ்ட் 7 இரவு, கோழிக்கோட்டில் துபாயிலிருந்து வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்திருந்தது. 190 பேரில் 21 பேர் இறந்தார்கள். மறு வருஷம் விசாரணை அறிக்கை வந்தபோது ஒரு வரி விடாமல் படித்தேன். பெரிய விமானம், மழை, இரவு, மலைமேல் ஓடுபாதை. என் செஸ்னாவுக்கும் அதற்கும் ஒப்பே இல்லை. ஆனால் 8,858 அடி ஓடுபாதையில் சக்கரம் தரையைத் தொட்ட இடம் 4,438 அடி தாண்டி என்று படித்ததும் புத்தகத்தை மூடுவது போலத் திரையை அணைத்துவிட்டேன். அவர்கள் முதல் முயற்சியைக் கைவிட்டு ஒரு தடவை மேலே போனவர்கள்தான். இரண்டாம் முறை, பின்காற்றில், மிதந்துகொண்டே போனபோது, பக்கத்தில் இருந்த துணை விமானி மேலே போகச் சொல்லியிருக்கிறார். 2010 மே மாதம் மங்களூரில் 158 பேர் இறந்தபோதும் துணை விமானி சொல்லியிருந்தார். மறுநாள் காலை விமானத்தை ஓட்ட ஆள் வேண்டுமே என்ற நினைப்பும் கோழிக்கோட்டில் தலைமை விமானியை அழுத்தியிருக்கலாம் என்கிறது அறிக்கை. இறந்தவர்களைக் குற்றம் சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவருக்கும் ஓடுபாதைக்கு வெளியே ஒரு வெள்ளை வேட்டி நிற்கும் என்று எனக்குத் தெரியும். என் பக்கத்தில் துணை விமானி இல்லை. ஆனால் அந்த நொடியில் சொல்ல வேண்டியதை எனக்கு இரண்டு பேர் முன்பே சொல்லியிருந்தார்கள்.

2024 நவம்பரில் போல்காட்டிக் காயலிலிருந்து மாட்டுப்பட்டி அணைக்கு நீரில் இறங்கும் விமானம் ஒன்றைச் சோதனையாக ஓட்டினார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். பைலட் படிப்பில் சேரப்போகிறவன். பார்த்துவிட்டு ஹைகோர்ட் ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். என் பழைய விபத்தைப் பற்றிக் கேட்டான். நானும் வழக்கம்போலச் சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "அப்போ தாத்தா வெளியதான நின்னுக்கிட்டிருந்தார், மாமா? அவருக்குக் காத்து தெரியலையாமா?"

சாதாரணமாகத்தான் கேட்டான். பையனுக்கு வேறு எண்ணமில்லை. படகு வைப்பின் தீவுப் பக்கம் லேசாக வளைந்தது. எனக்குக் காது அடைத்துவிட்டது.

வெட்டவெளி. ஒரு மரம்கூட இல்லை. அப்பா அரை மணி நேரமாக அங்கே நின்றிருக்கிறார். தோளில் துண்டு இருந்தது. மகன் பறக்கப்போகிறான் என்றால் அவர் முதலில் என்ன செய்திருப்பார்? அந்தத் துண்டின் மூலையை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டிருப்பார். நாற்பது வருஷம் மிளகு தூற்றிய மனிதர். களத்தில் பொக்கு ஒரு சாண் தள்ளி விழுமா, இரண்டு சாண் விழுமா என்று முன்கூட்டியே சொல்கிறவர். அன்றைக்கு அந்தத் துணி அசையாமல் தொங்கியிருக்கும். அவருக்குத் தெரியும். ஓடி வந்து என் தோளைத் தடவியபோதே தெரியும்.

அப்படியென்றால் "காத்தாடா?" என்று ஏன் கேட்டார்?

இதை எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். பயந்து நடுங்குகிற பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள எதையாவது நீட்டியிருக்கலாம். நான் இல்லையென்று சொல்கிறேனா என்று பார்த்திருக்கலாம். அதற்குப் பிறகு 18 வருஷம் ஒரே வீட்டில், ஒரே கிட்டங்கியில் இருந்தோம். அம்மா காற்றைத் திட்டும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்துபோவார். நான் அதைச் சோர்வு என்று நினைத்தேன். நானாகச் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறார். 2016இல் போய்விட்டார்.

ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, சீனவலைப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, அக்கா மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாக, முள் காட்டிய 75 நாட் வேகத்திலிருந்து தாரில் விழுந்த வெட்டு வரைக்கும்.

பயிற்றுநரின் எண்ணைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. பழைய தோழன் ஒருவன் மூலம் கிடைத்தது. ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கிறார். பெயரைச் சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார். நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். மறுமுனையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"இருபத்தாறு வருஷம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. பிறகு, "அதுக்கப்புறம் நான் யாரையும் தனியா அனுப்பலைப்பா. இன்னும் ரெண்டு மணி நேரம் பழகட்டும், இன்னும் ரெண்டு மணி நேரம் பழகட்டும்னே தள்ளிப்போட்டேன். ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு அது முடியலைன்னா அப்புறம் என்ன? வகுப்புல உக்காந்து பாடம் எடுத்தே காலத்தை ஓட்டிட்டேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குரல் மாறியது. அந்தக் குரல் எனக்குப் பழக்கம். பறந்து இறங்கிய பிறகு கரும்பலகைக்கு முன்னால் நிற்க வைத்துக் கேட்கும் குரல்.

"ஃபைனல்ல எத்தனை நாட்?"

"75, சார்."

"ஃப்ளாப்?"

"முழுசா, சார்."

"சரியில்லைன்னு எப்பத் தெரிஞ்சது?"

"பேஸ்ல திரும்பும்போதே தெரிஞ்சது, சார்."

"ம். லாக் புக் வெச்சிருக்கியா?"

அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டியில் இருந்தது. போனைக் கீழே வைத்துவிட்டுப் போய் எடுத்து வந்தேன். பக்கங்கள் ஓரத்தில் பழுத்திருந்தன. அந்தத் தேதியைக் கண்டுபிடித்தேன்.

"குறிப்புல என்ன எழுதியிருக்கே?"

படித்துக் காட்டினேன்.

"அதை அடிக்காதே, அப்படியே இருக்கட்டும். கீழே எழுது. பேனா இருக்கா?"

சட்டைப்பையில் கிட்டங்கிப் பேனா இருந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். டவுன்விண்டில் பவர் குறைக்கத் தாமதம். ஃபைனலில் உயரம் அதிகம், வேகம் 15 நாட் அதிகம். கோ அரவுண்ட் செய்யவில்லை. முன்சக்கரம் முதலில்.

"காத்து?" என்று கேட்டார்.

"இல்லை, சார்."

"எழுது."